பாடம் ஏறாத தோல்

மழை விட்ட மறுநாள் செம்பலாமேட்டில் எல்லாருக்கும் கால் அரிக்கும். அரித்தால் அவர்களுக்குச் சந்தோஷம். முந்திரித் தோப்பில் களை பறித்துவிட்டு வரும் பெண்கள் பம்புசெட் தொட்டி ஓரமாக உட்கார்ந்து, கால் விரலிடுக்கில் சிவந்து எழும்பிய தடிப்புகளை ஒருத்திக்கொருத்தி காட்டிக்கொள்வார்கள்.

"எனக்கு நாலு எடத்துல. ஒனக்கு?"

"எனக்குக் குதிகால்ல கூட வந்துட்டுதுடி."

ஒவ்வொரு தடிப்பும் ஒரு கொக்கிப்புழுவின் சமாதி. மண்ணிலிருந்து காலைத் துளைத்து நுழைந்த புழுவைத் தோல் அங்கேயே மடக்கிக் கொன்றுவிட்டது என்று அர்த்தம். ரெண்டு நாள் சொறிந்தால் சரியாகிவிடும்.

தையல்நாயகிக்கு மட்டும் அரிக்காது. அவள் காலும் அதே சேற்றில்தான் கிடந்திருக்கும். ஆனால் வாழைத்தண்டுபோல வழவழவென்று, ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லாமல் இருக்கும். புழு உள்ளே போனதே அந்தத் தோலுக்குத் தெரியாது.

ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் கொடுத்த பூச்சி மாத்திரைக்கே செத்து விழுந்த புழுதான் அது. பிறகு மாத்திரை அதற்குப் பழகிவிட்டது. மழைக்காலம் நீண்டு, செம்மண் வருடத்தில் பாதி நாள் ஈரமாகவே கிடக்க ஆரம்பித்ததும் புழு பெருகியது. குடலில் பல்லைப் பதித்து ரத்தம் குடிக்கிற ஜாதி. கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் ஊரில் யாருக்கும் சிவப்பே இருக்காது. பிள்ளைகள் வகுப்பில் தலை சாய்த்துத் தூங்கின. பிரசவத்துக்குப் போன பெண்களில் சிலர் திரும்பி வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு புது ஊசி இருந்தது. அது புழுவைக் கொன்றது உண்மைதான். ஆனால் ஊசி போட்டுக்கொண்டு வந்தவர் அடுத்த மழையில் காலை வைத்தால் மறுபடி புழு.

தடுப்புப் பட்டை வந்தது அப்புறம்தான். உள்ளங்கை அகலப் பட்டை. உடம்பில் ஒட்டி ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் உரித்துக் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பரங்கிப்பேட்டையிலிருந்து வந்திருந்த மெஹருன்னிசா டாக்டர் அதை ஊர்க்கூட்டத்தில் விளக்கினார்.

"இதுல இருக்கறது புழுக்குஞ்சுதாங்க. நான் மறைக்கல. ஆனா எக்ஸ்ரே மாதிரி கதிர் காட்டி நோஞ்சானாக்கின குஞ்சு. தோலுக்குள்ள நுழையத் தெம்பு இருக்கும், அதுக்கு மேல போகத் தெம்பு இருக்காது. அங்கேயே செத்துரும். அந்தச் செத்ததை வச்சு உங்க தோல் பாடம் படிச்சுக்கும். அப்புறம் மண்ணுலேர்ந்து நெசப் புழு வந்தா வாசல்லயே மடக்கிரும்."

"உயிரோட இருக்கற புழுவ ஒடம்புல வுடுறதா?" என்று எழுந்தவர் கலிவரதன். நாலு ஏக்கர் முந்திரித் தோப்புக்காரர். ஊர்க் காரியம் எதுவானாலும் முதலில் பேசுகிற ஆள். அவருடைய மூத்த பிள்ளை மூன்று வயதில் வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் ஊசி போட்ட அன்றே போய்விட்டது. அதிலிருந்து வெள்ளைக் கோட்டு போட்டவர் யாரையும் அவர் நம்புவதில்லை. "கலிவரதனுக்கு வேணாம். எழுதிக்குங்க."

ஊரில் மற்ற எல்லாரும் ஒட்டிக்கொண்டார்கள். முதல் வருடம் ஒன்று, மறுவருடம் ஒன்று. பட்டை ஒட்டிய இடம் கொப்பளித்து, தடித்து, அடங்கியது. பிள்ளைகள் கன்னத்தில் நிறம் ஏறியது. கலிவரதனும் நன்றாகத்தான் இருந்தார். "நானுந்தான் வெறுங்கால்ல நடக்கறேன். எனக்கு என்னா ஆயிப்போச்சு? எல்லாம் மனசுல இருக்குது" என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டே இருப்பார்.

தையல்நாயகிக்குப் பட்டை பிடிக்கவில்லை. முதல் வருடத்திலேயே மூன்று முறை ஒட்டிப் பார்த்தார்கள். மூன்று முறையும் கை அப்படியே இருந்தது. ஊரே தேறியபோது அவள் மட்டும் வெளுத்துக்கொண்டே வந்தாள். கல்யாணமாகிப் பதினாலு வருடமாகக் குழந்தையும் இல்லை. மூன்றாவது பட்டையை உரித்த அன்று டாக்டர் முன்னால் அழுதுவிட்டாள்.

"என் தோலு மட்டும் ஏன் டாக்டரம்மா இப்புடி மக்கா இருக்குது? பாடமே ஏற மாட்டேங்குதே."

"ஏன்னு எனக்கும் தெரியல, தையல்" என்றார் மெஹருன்னிசா. அவள் கையைத் தடவிப் பார்த்தார். "உங்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஊசி போடலாம். அதைத்தான் முதல்ல சொல்லணும். இன்னொண்ணும் இருக்கு. சொல்லவா வேணாமான்னு ஒரு மாசமா யோசிச்சிட்டிருக்கேன்."

சொன்னார். இந்தப் புழு மனிதக் குடலைத் தவிர வேறெங்கும் முட்டையிடாது. எலியில் பார்த்தார்கள், பன்றியில் பார்த்தார்கள், கண்ணாடிக் குடுவையில் பார்த்தார்கள், ஒன்றிலும் நடக்கவில்லை. பட்டைக்குக் குஞ்சு வேண்டுமென்றால் யாராவது ஒருவர் வயிற்றில் புழுவைச் சுமந்தாக வேண்டும். அவர் மலத்திலிருந்து முட்டையை எடுத்துக் கரித்தூளில் பொரிக்க வைப்பார்கள். ஏற்கெனவே புழு இருந்த நாலு பேர் அப்படிச் சுமந்தார்கள். ஆனால் திரும்பத் திரும்பப் புழு நுழைந்ததில் அவர்கள் தோலும் மெல்ல மெல்லப் பாடம் படித்துவிட்டது. இப்போது குஞ்சு நுழைந்தால் தோலிலேயே செத்துவிடுகிறது.

"உங்க தோல் படிக்காது. அதனால உங்ககிட்ட புழு நிலைக்கும். ரத்தத்தை நாங்க பார்த்துக்கறோம். சத்து மாத்திரை, சாப்பாடு, மாசா மாசம் பரிசோதனை. எப்ப வேணாம்னு தோணுதோ அன்னிக்கே ஊசி. ஆனா இதைக் கேக்கறதே பாவமோன்னு எனக்கு ஒரு பக்கம் இருக்கு."

"எத்தினி புள்ளைங்களுக்கு ஆவும் டாக்டரம்மா?"

"ஒரு வருஷத்துக்கு ஒரு ஜில்லா."

தையல்நாயகி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மக்குத் தோலுக்கு இப்படி ஒரு உபயோகம் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. சரி என்றாள். மறுவருடம் ஊருக்கு வந்த இரண்டாவது பட்டை அவளிடமிருந்து வந்ததுதான்.

சுகாதார நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஓட்டுக் கட்டடத்தை ஊர்க்காரர்கள் 'நாற்றங்கால்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பெயரில் கேலி இருந்தது. அது மட்டுமென்றால் பரவாயில்லை. தையல்நாயகி முந்திரிப் பருப்புக்குத் தோலெடுக்கும் கொட்டகையில் வேலை பார்த்துவந்தாள். புழு சுமக்கிறவள் கைபட்ட பருப்பு என்று தெரிந்தால் வியாபாரி வாங்கமாட்டான் என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். கல்யாண வீட்டில் அவளுக்குப் பந்தியின் கடைசியில் தனி இலை விழுந்தது. கலிவரதன் அவளுக்குத் தூரத்து உறவில் மாமா. அவரே தன் பம்புசெட்டில் அவள் குடம் வைக்கக் கூடாது என்றார்.

"புழுவுக்குப் பயந்தா மாமா பட்டைய ஒட்டியிருக்கணும்" என்று அவள் புருஷன் இளவழகன் பொருமினான். அவன் முந்திரிக்கொட்டை ஏற்றும் மினி லாரி ஓட்டுகிறவன். "எல்லாருக்கும் ஒன் புழுவு வேணும், நீ வேணாம்."

"ஒரு மனுசங்கிட்டேர்ந்து இன்னொருத்தருக்கு இது நேரா ஒட்டாதுன்னு டாக்டரம்மா சொல்லிக்கிட்டேதான் இருக்காங்க. நம்பாட்டி என்னா பண்ண? வுடு" என்பாள் தையல்நாயகி. வருத்தமில்லாமல் இல்லை. ஆனால் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ரோட்டோரம் நின்று, கத்திக்கொண்டு ஓடும் பிள்ளைகளைப் பார்க்கும்போது அது கொஞ்சம் கரையும்.

இரண்டு வருடம் அப்படிப் போயிற்று. மூன்றாம் வருடம் தை மாதத்தில் அவளுக்கு நாள் தள்ளிப்போனது.

முதலில் அவள் நம்பவில்லை. டாக்டர் ஸ்கேன் திரையைத் திருப்பிக் காட்டினார். திரையில் ஒரு அவரை விதை துடித்துக்கொண்டிருந்தது. மெஹருன்னிசா அவளைக் கட்டிக்கொண்டார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தைச் சரிசெய்துகொண்டு பேசினார்.

"நாலாம் மாசம் பொறந்ததும் ஊசி போட்டுருவோம், தையல். புழு வெளிய போயிரணும். உங்க ரத்தம் இப்பவே ஏழரைதான் இருக்கு. ரெண்டு உயிருக்கு அது பத்தாது."

"போட்டுட்டா பட்டை?"

டாக்டர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "நின்னுரும். ஒடிசாவுல ஒரு நாத்தங்கால் இருந்துச்சு, அங்கேயும் ஆளோட தோல் படிச்சிருச்சு. இப்ப நாட்டுல நீங்க ஒருத்தர்தான்."

அந்த வருடம் பட்டை வேதாரண்யம் பக்கத்துக் கடலோரக் கிராமங்களுக்குப் போவதாக இருந்தது. வெள்ளம் வடிந்த ஊர்கள். அங்கே பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று டாக்டர் போனில் எடுத்த படத்தை ஒருமுறை காட்டியிருந்தார். வீங்கின வயிறு, வெளுத்த உதடு. தையல்நாயகிக்கு அந்தப் படம் மறக்கவில்லை.

"ரெண்டு மாசம் தள்ளிப் போடலாமா டாக்டரம்மா? அந்த ஊரு முடியட்டும்."

"கூடாது. என் எதிர்ல உக்காந்திருக்கறது நீங்க. படத்துல இருக்கறவங்களுக்காக உங்களை நான் வுட முடியாது."

"வேற யாருக்காச்சும் ஏத்தலாமே?"

"நல்லா இருக்கற ஒருத்தருக்குப் புதுசா நோயை ஏத்தறதுக்குச் சட்டத்துல இடமில்ல. அனுமதி கேட்டு எழுதியிருக்கோம், வர வருஷக்கணக்காகும். உங்களுக்கு முன்னாடியே இருந்துச்சு, அதனால வச்சிருந்தோம். அது மாதிரி ஏற்கெனவே புழு இருக்கற, பட்டை ஒட்டாத ஆள் யாராவது கெடைச்சா அவங்க சம்மதத்தோட எடுக்கலாம். மலம் அன்னன்னிக்கே வந்து சேரணும், ரத்தத்தை நான் கூட இருந்து பார்த்துக்கணும், அதனால இந்த ஊர் ஆளாத்தான் இருக்கணும். இந்த ஊர்ல பட்டை ஒட்டாத ஆள்..."

இருவருக்கும் ஒரே சமயத்தில் ஒரே பெயர் நினைவுக்கு வந்தது.

கலிவரதன் வீட்டு முற்றத்தில் பலாக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. அவர் மனைவி அம்சவல்லி அதைக் காலால் துழாவிவிட்டுக்கொண்டிருந்தாள். ஒல்லியான பெண்மணி. நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி யாரும் கேட்டதில்லை. நடந்தால் அங்கங்கே நின்று மூச்சு வாங்குவாள். வயசாகிறது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டருக்கு நாற்காலி வந்தது. தையல்நாயகியைக் கலிவரதன் பார்க்கவே இல்லை. அம்சவல்லி உள்ளே போய் இன்னொரு நாற்காலியை இழுத்துக்கொண்டுவந்து போட்டாள். மோர் கொண்டுவந்தாள்.

டாக்டர் விஷயத்தைச் சொன்னதும் கலிவரதன் சிரித்தார்.

"அப்ப நான் ஒட்டிக்காததும் நல்லதாப் போச்சு, இல்ல? அன்னிக்கு என்னைப் படிப்பறிவு இல்லாதவன்னு சொன்னீங்களே."

"நான் சொல்லல."

"மனசுல சொன்னீங்க."

"மனசுல சொன்னேன்" என்று டாக்டர் ஒப்புக்கொண்டார். "தப்புதான்."

அந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. துண்டை எடுத்துத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார். "என்னால ஆவாதும்மா. ஆஸ்பத்திரிக்கும் எனக்கும் ஒத்து வராது. நீங்க போங்க."

தையல்நாயகி நாற்காலியிலிருந்து எழுந்தாள். "மாமா, எனக்காவக் கேக்கல. எனக்கு எப்புடியும் ஊசி போட்டுருவாங்க, நான் பொழைச்சுக்குவேன். கடலோரத்துல சின்னஞ்சிறுசுங்க இருக்குது. படத்த நான் பாத்தேன். ஒண்ணு அம்மா இடுப்புல இருக்குது, தலைய நிமுத்தவே முடியல."

"என்னா வயசு?" என்றார் அவர், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

"மூணு இருக்கும்."

கலிவரதன் எழுந்து தோப்புப் பக்கம் கொஞ்ச தூரம் நடந்தார். ஒரு மரத்தடியில் நின்றுவிட்டு அங்கிருந்தே சத்தமாகச் சொன்னார்: "டப்பாவ வச்சிட்டுப் போங்க. காலைல குடுத்து அனுப்பறேன்."

மூன்று நாள் அந்த டப்பாவில் மல மாதிரி கொடுத்தனுப்பினார். மூன்றிலும் ஒரு முட்டை இல்லை.

டாக்டருக்குப் புரியவில்லை. வெறுங்காலில் தோப்பில் புழங்குகிற மனிதர், பட்டையும் ஒட்டாதவர், எப்படிப் புழு இல்லாமல் இருக்க முடியும்? தையல்நாயகியைக் கூட்டிக்கொண்டு மறுபடி வந்தார். கலிவரதனுக்கு ஒரே பூரிப்பு. "நான்தான் சொன்னேனே. ஒடம்பு அப்புடி. எங்க அப்பாரு தொண்ணூறு வரைக்கும் இருந்தாரு."

"ஒரு சின்னப் பரிசோதனை, ஐயா. புழு இல்ல, புழுவை அரைச்ச தண்ணி ஒரு சொட்டு. கையில ஒரு கீறல். பாடம் படிக்காத தோல்னா ஒண்ணும் ஆகாது. படிச்ச தோல்னா கொஞ்ச நேரத்துல தடிக்கும்."

சொட்டு விழுந்தது. டாக்டர் சின்ன ஊசியால் கீறினார். எல்லாரும் அந்தக் கறுத்த முன்னங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்சவல்லி மட்டும் பார்க்கவில்லை. முறத்தில் பலாக்கொட்டையைப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

முதலில் ஒரு கொசுக்கடி அளவுக்குத்தான் சிவந்தது. பிறகு ஓரம் விரிந்து, மேடு தட்டி, ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கெட்டியாக எழும்பி நின்றது. கலிவரதன் நகத்தால் அதைச் சொறிந்தார்.

"இது பட்டை ஒட்டின தோல்" என்றார் டாக்டர் மெதுவாக. "ரெண்டு தடவை ஒட்டியிருக்கணும். இல்லேன்னா இவ்வளவு வேகமா ஏறாது."

"யாரு ஒட்டுனது? நான் ஒட்டலியே! சத்தியமா சொல்றேன், நான் ஒட்டல!"

முறத்தின் சத்தம் நின்றது.

"நான்தான் ஒட்டுனேன்" என்றாள் அம்சவல்லி.

அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள். அவசரமே இல்லை. "ஒங்களுக்கு முதுகு புடிப்பு இருந்துது இல்ல? கடலூர்லேர்ந்து வாங்கியாந்த வலிப் பட்டைய நான்தானே ஒட்டுவேன். அதுக்குள்ளாற வச்சு ஒட்டிட்டேன். மறு வருசமும் அப்புடித்தான். இந்தவாட்டி மருந்து நல்லா காரமா இருக்குது, கேக்குதுன்னு சொன்னீங்க."

கலிவரதனின் கை தானாக முதுகுப் பக்கம் போனது.

"ஆனா அம்மா," டாக்டர் தடுமாறினார், "பட்டை ஆளுக்கு ஒண்ணுதானே கொடுத்தோம். இவர் வேணாம்னு சொன்னதால இவருக்கு வரவே இல்லையே. இவருக்கு ஒட்டினது..."

"என்னுது."

தையல்நாயகிதான் முதலில் எழுந்தாள். கிட்டே போய் அம்சவல்லியின் முகவாயைத் தொட்டு, கண்ணின் கீழ் இமையை விரலால் லேசாக இழுத்துப் பார்த்தாள். அவளுக்கு நன்றாகத் தெரிந்த வெளுப்பு அங்கே இருந்தது.

"அத்தே..."

"என்னாத்துக்கு இப்புடிப் பாக்கறீங்க எல்லாரும்?" என்றாள் அம்சவல்லி. "நான் செருப்பு போட்டுக்கிட்டு வூட்டோட கெடக்கறவ. எப்பவாச்சும்தான் தோப்புக்குப் போறேன். இவரு ராவும் பகலும் அங்கதான். இவரு படுத்தா தோப்பு படுத்துடும். அதோட இவரு நோயாளியா வூட்ல உக்காந்தா வாய் ஓயாது, என்னால கேக்க முடியாது. கணக்குப் போட்டுப் பாத்தேன், இதுதான் தேவல."

டாக்டர் கலிவரதன் பக்கம் திரும்பினார். "ஐயா, உங்களுக்குத் தெரியாம உங்க உடம்புல மருந்து ஒட்டினது தப்பு. எங்க மேலயும் தப்பு இருக்கு, யார் உடம்புல ஒட்டறாங்கன்னு நாங்க பார்க்கல. நீங்க புகார் கொடுக்கலாம்."

கலிவரதனுக்கு அது காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அவர் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாலு வருசம்" என்றார். "டீக்கடைல அத்தினி பேச்சு பேசுனேனே. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, வல்லி."

"சொன்னா பிச்சுப் போட்டிருப்பீங்க."



டாக்டர் அம்சவல்லியைத் தனியாகச் சுகாதார நிலையத்துக்கு வரவழைத்தார். புருஷனையும் கூட்டி வரக்கூடாது, தையல்நாயகியும் இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். உங்களுக்கு வைத்தியம் பார்ப்பதுதான் என் வேலை, இன்றைக்கே ஊசிக்கு ஏற்பாடு செய்கிறேன், யாருக்காகவும் நீங்கள் எதையும் சுமக்க வேண்டியதில்லை என்று தெளிவாகச் சொன்னார். அம்சவல்லி கேட்டுக்கொண்டாள். பிறகு, இத்தனை நாள் சும்மா சுமந்தேன், இன்னும் கொஞ்ச நாள் காரியமாகச் சுமக்கிறேன், ஆனால் மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்றாள். டாக்டர் முதலில் அவளுக்குச் சொட்டுச் சொட்டாக இரும்புச் சத்து ஏற்றினார். ரத்தம் இந்த அளவுக்குக் கீழே போனால் அன்றே நிறுத்தம் என்று சுவரில் கோடு போட்டுக் காட்டினார்.

தையல்நாயகிக்கு ஊசி போட்ட வாரத்தில் அம்சவல்லியின் முதல் மாதிரி நாற்றங்காலுக்கு வந்தது.

செய்தி ஊரில் பரவிய அன்று பம்புசெட் தொட்டியருகே பெண்களிடையே குசுகுசு பேச்சு. அம்சவல்லி குடத்தோடு வந்ததும் இரண்டு பேர் லேசாக நகர்ந்தார்கள். அவள் குடத்தைக் கீழே வைத்தாள்.

"நகராதீங்கடி. நாலு வருசமா எங்கூட்டு மோரு குடிக்காதவ ஒங்கள்ல யாரு? காப்புக் கட்டுக்கு நான் கரைச்ச கூழ எல்லாரும் சொம்பு சொம்பாக் குடிச்சீங்களே. யாருக்காச்சும் வவுத்துல புழுவு வந்துதா? எனக்குள்ள அப்பயும் இருந்துது. தையலு கிட்ட இருந்தது மட்டும்தான் ஒங்க கண்ணுல பட்டுது, ஏன்னா அவ மறைக்கல."

அந்தப் பெண்கள் அவளிடமிருந்து அவ்வளவு நீளமான பேச்சை முதன்முதலாகக் கேட்டார்கள். அன்று சாயங்காலம் அவர்களில் மூன்று பேர் தையல்நாயகி வீட்டுக்கு வந்தார்கள். எதற்கு வந்தோம் என்று சொல்லத் தெரியாமல், கொண்டுவந்த கொய்யாப்பழத்தை வைத்துவிட்டு, காப்பி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். பருப்புக் கொட்டகையிலிருந்தும் ஆள் வந்தது. பிள்ளை பெற்றுக்கொண்டு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினாள் தையல்நாயகி.

கலிவரதன் மாறிப்போனார் என்று சொல்ல முடியாது. இப்போதும் எல்லாரையும் அதட்டினார். ஆனால் காலையில் சைக்கிளில் பண்ருட்டிச் சந்தைக்குப் போய் ஆட்டு ஈரலும் சுவரொட்டி என்கிற மண்ணீரலும் வாங்கிவந்து, தானே மிளகு தட்டிப் போட்டு வறுத்தார். உப்பு ஒருநாள் கூடும், ஒருநாள் இருக்கவே இருக்காது. அம்சவல்லி ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவாள். கடலோரத்துக்கு முதல் வண்டி பட்டை கிளம்பிய அன்று அவரே நின்று பெட்டிகளை ஏற்றினார். பெட்டியைத் தூக்கும்போது அதிலிருந்த அட்டையை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"வல்லி அனுப்புனதுன்னு இதுல எங்கயும் எழுதலியா?" என்று ஓட்டுநர் இருக்கையில் இருந்த இளவழகனிடம் கேட்டார்.

"பேரு போட மாட்டாங்க மாமா. தையலு பேரும் போட்டதில்ல."

"போட்டிருக்கணும்டா" என்றார் கலிவரதன். இன்னொரு பெட்டியை ஏற்றினார். "ரெண்டு பேரு பேரும் போட்டிருக்கணும். அந்தப் பொண்ணு கொடத்த நான் எடுக்கச் சொன்னது... நீ அவகிட்ட சொல்லு. இல்ல, வேணாம், நானே சொல்லிக்கறேன்."

சொன்னாரா என்றால், தையல்நாயகியிடம் வந்து நின்று, பம்புசெட் மோட்டார் புதுசு போட்டிருக்கிறேன், தண்ணீர் நன்றாக வருகிறது என்று மட்டும்தான் சொன்னார். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

மழைக்கு முன்பே கடலோரம் முடிந்தது. அதற்குள் மேலிடத்து அனுமதியும் வந்துவிட்டது. அம்சவல்லியும் தையல்நாயகியும் சுமந்த விவரம் கோப்பாகப் போனதும் அதிகாரிகளுக்கு வேகம் வந்தது என்றார் டாக்டர். ஊர் ஊராக நர்சுகளும், மருத்துவ மாணவர்களும், ஒரு கல்லூரிப் பேராசிரியரும் பெயர் கொடுத்தார்கள். ஆளுக்கு ஒரு பருவம், அதற்கு மேல் யாரும் சுமக்கக் கூடாது என்று விதி வந்தது. அம்சவல்லிக்கு ஊசி போட்டார்கள். பிறகு அவளுக்கென்று ஒரு பட்டை வந்தது. அவள் கை நன்றாகவே தடித்தது. ராத்திரி முழுக்கச் சொறிந்தாளாம். கலிவரதன் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாராம்.

தையல்நாயகிக்கு ஐப்பசியில் பெண் குழந்தை பிறந்தது. எடை சரியாக இருந்தது. அழுகை அந்த ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது.

ஒரு மாதம் கழித்து மெஹருன்னிசா வீட்டுக்கே வந்தார். அம்சவல்லி குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். கலிவரதன் வெளியே பலாக்கன்று நட்டுக்கொண்டிருந்தார்.

"தொப்புள்கொடி ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தேன்" என்றார் டாக்டர். "பாப்பா நல்லா இருக்கா. ஒரு குறையும் இல்ல. ஆனா ஒண்ணு தெரிய வந்திருக்கு. உங்க தோல் ஏன் பாடம் படிக்கலன்னு அன்னிக்குக் கேட்டீங்க. இப்ப தெரியுது. உங்க அம்மா உங்களைச் சுமந்தப்ப அவங்களுக்குப் புழு இருந்திருக்கு. வயித்துலேயே அது பழக்கமாகி, உங்க உடம்பு அதைச் சொந்தம்னு நெனச்சுக்கிச்சு. சொந்தத்தை யாரும் வாசல்ல மடக்க மாட்டாங்க இல்லையா? எல்லாக் குழந்தைக்கும் இப்படி ஆகறதில்ல. ஆனா..."

தையல்நாயகிக்குப் புரிந்துவிட்டது. "பாப்பாவுக்கும் ஏறாதா?"

"நாலாம் மாசம் வரைக்கும் உங்களுக்குள்ள இருந்துச்சு. அந்தப் பழக்கத்தோட அடையாளம் பாப்பா ரத்தத்துல தெரியுது. அவ தோலுக்கும் ஏறாது. பட்டை ஒட்டினாலும் பிடிக்காது."

தையல்நாயகி குழந்தையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். எண்ணெயில் பளபளக்கும் சின்னப் பாதம். ஊருக்கெல்லாம் கொடுத்தது தன் பிள்ளைக்கு இல்லை என்று ஆகிவிட்டது.

"ஏன் டாக்டரம்மா," என்று அம்சவல்லி கேட்டாள், எண்ணெய் தேய்க்கும் கையை நிறுத்தாமல், "மண்ணுல புழுவு இருந்தாத்தானே இவ கால்ல ஏறும்?"

"ஆமா."

"எல்லாரு தோலும் அத வாசல்லயே கொன்னுட்டா, யாரு வவுத்துலயும் அது முட்ட போடாது. முட்ட இல்லாட்டி மண்ணுல ஏது?"

"சரியாச் சொன்னீங்க. சுத்துவட்டாரம் முழுக்க ஒட்டிக்கிட்டா, ரெண்டு மூணு வருஷத்துல மண்ணு சுத்தமாயிரும். இவ பள்ளிக்கூடத்துக்கு ஓடற வயசுக்குள்ள. ஆனா ஒரு ஊரு விடாம எல்லாரும் ஒட்டிக்கணும்."

"அப்ப இவ தோலு படிக்கலன்னா போவுது. நம்ம தோலு படிச்சிருக்குது, அது போதும்" என்றாள் அம்சவல்லி.

தையல்நாயகி அழுதாள். துக்கத்தில் அல்ல. இத்தனை நாள் தன் வயிற்றிலிருந்து போனதெல்லாம் எங்கே போயிற்று என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. டீக்கடை, பருப்புக் கொட்டகை, பள்ளிக்கூடம் என்று எல்லார் தோலிலும் அது இருக்கிறது. அவள் பிள்ளையைச் சுற்றி நிற்கிறது.

வெளியே கலிவரதன் மண்வெட்டியைச் சாத்தி வைத்துவிட்டு உள்ளே வந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"கெழக்கால வாய்க்கால்பட்டுல பாதிப் பேரு இன்னும் ஒட்டல, தெரியுமா?" என்றார் டாக்டரிடம். "நான் சொல்லித்தான் ஒட்டல. அங்க என் பேச்சுக்கு ஒரு மதிப்பு உண்டு. வண்டி எப்பப் போவுது?"

அடுத்த வாரமே போயிற்று. தையல்நாயகியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தாள். வாய்க்கால்பட்டு பிள்ளையார் கோயில் மேடையில் பட்டைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நர்சு காத்திருந்தார். ஆண்கள் தள்ளி நின்று பார்த்தார்கள். கலிவரதன் சொன்னது ஞாபகமில்லையா, உயிரோட இருக்கற புழு, அவரே ஒட்டிக்கலியே என்று ஒருவர் உரக்கச் சொன்னார்.

கலிவரதன் மேடையேறினார். சட்டைப் பொத்தானைக் கழற்றினார். கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, சட்டையைத் தலைவரைக்கும் தூக்கிப் பிடித்தார். நடு முதுகில், உள்ளங்கை அகலத்தில் இரண்டு சதுரமாகப் புள்ளி புள்ளியாய்த் தழும்பு இருந்தது.

"நல்லாப் பாத்துக்குங்க. எனக்குத் தெரியாம ஒட்டுனது இது" என்றார், சட்டைக்குள்ளிருந்தே. "நீங்க தெரிஞ்சே ஒட்டிக்குங்க. அதான் மரியாத."

"யாரு மாமா ஒட்டுனது?" என்று கூட்டத்தில் ஒருத்தர் கேட்டார்.

"எம் பொண்டாட்டி. அவளுதக் குடுத்து எனக்கு ஒட்டுனா." குரல் கொஞ்சம் உடைந்தது. சட்டை முகத்தை மறைத்திருந்ததால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. "அவ இல்லாட்டி நான் இன்னிக்கு இங்க நின்னு பேச முடியாது. கடலோரத்துல அத்தினி புள்ளைங்க எழுந்து நடக்குது, அதுவும் அவளாலயும் தோ அந்தப் பொண்ணாலயுந்தான்."

வண்டியிலிருந்து இறங்காமலே அம்சவல்லி குரல் கொடுத்தாள்: "போதும், சட்டைய எறக்குங்க. ஊர்க்காரங்களுக்கு வேற வேல இல்லியா?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்போடு, தள்ளி நின்றவர்களில் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேடைப் பக்கம் வந்தார். அவருக்குப் பின்னால் அவர் மகள், சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, கையை நீட்டியபடி வந்தாள்.